கை காயும்வரை ஒரு பந்தி

ஓய்வு பெற்றவள் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வயது போதாது. முப்பத்து நான்கு இன்னும் முடியவில்லை. ஆனால் நான் பார்த்த வேலை எனக்கு முன்னால் ஓய்ந்துவிட்டது. எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களை மறுபடி சாப்பிடப் பழக்குவது என் வேலை. செங்கல்பட்டுப் பக்கத்து மருத்துவமனை ஒன்றில் அதைச் செய்துவந்தேன். இப்போது அங்கே அந்த வேலையைக் கைபேசிச் செயலி ஒன்று பார்க்கிறது. நோயாளி தன் தட்டைப் படம் எடுத்து அனுப்பினால், சாப்பிடலாம் என்றால் பச்சை, கூடாது என்றால் சிவப்பு. நன்றாகவே வேலை செய்கிறதாம். நான் உத்திரமேரூருக்கே திரும்பி, அப்பாவின் விதைக் கடையில் உட்கார்ந்துவிட்டேன்.

எனக்குப் பின்னால் அங்கே சேர்ந்த இரண்டு பெண்கள் இன்னும் தொடர்பில் இருக்கிறார்கள். "அக்கா, செயலிக்குப் புரியாத கேஸ் ஒண்ணு எழுதிக் குடுங்களேன்" என்று ஒருத்தி கேட்டாள். எனக்கு உடனே நினைவுக்கு வந்தது மாகறல் மஞ்சுளா.

படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. காஞ்சிபுரத்தில் உணவியல் பட்டம், சென்னையில் ஓராண்டு பயிற்சி, பிறகு இந்த வேலை. புத்தகத்தில் இருந்ததெல்லாம் கலோரி, புரதம், கிராம். மனிதர்கள் இலைக்கு முன்னால் உட்கார்ந்ததும் என்ன செய்கிறார்கள் என்பது அதில் இல்லை.

அறுவை சிகிச்சையில் வயிற்றின் பெரும்பகுதியை எடுத்துவிட்டு, மீதியை ஒரு வாழைப்பழ வடிவக் குழாயாக விட்டுவைக்கிறார்கள். அந்தத் தையல் ஆறும்வரை உணவைப் படிப்படியாகத்தான் ஏற்ற வேண்டும். முதலில் தெளிந்த நீர் வகைகள். அடுத்து மோர், பால், வடிகட்டிய பருப்புத் தண்ணீர். மூன்றாவது, மசித்து மையாக்கியவை. நான்காவது, விரலால் அழுத்தினால் நசுங்குகிற மென்மையான உணவுகள். கடைசியில்தான் கெட்டியான உணவு. அதிலும் கடைசி, சோறு. சோறு அந்தச் சின்ன வயிற்றில் உப்பும், அடைக்கும். நெல் விளைகிற ஊர்க்காரர்களிடம் இதைச் சொல்வது லேசான காரியமில்லை. தென்னேரியிலிருந்து வந்த ஒரு விவசாயி, "சோறு கடைசின்னா நான் இன்னாத்துக்கு மேடம் ரெண்டு போகம் பயிர் வெச்சிக்கினு கீறேன்?" என்று கேட்டார். நீர் உணவு மட்டும் சாப்பிட வேண்டிய வாரத்தில் அவரே இரண்டு இட்லியை ரசத்தில் கரைத்துக் குடித்துவிட்டு, "கரைஞ்சி போச்சி மேடம், அது தண்ணிதான்" என்று வாதாடினார். கரைந்த இட்லி அன்றைக்கு முழுவதும் அவரை உட்காரவிடவில்லை.

எங்கள் பிரிவின் தலைவி வசந்தி மேடம். என்னைவிட ஏழெட்டு வயதுதான் மூத்தவர். குரலை உயர்த்தமாட்டார், பாராட்டவும் மாட்டார். ஒரு வேலை சரியாக நடந்தால் "சரி" என்பார். தவறாக நடந்தால் "சரி, அப்புறம்?" என்பார். இரண்டுக்கும் நடுவே உள்ள தூரத்தை அளக்கவே எனக்கு ஒரு வருடம் பிடித்தது.

ஒவ்வொரு நிலையின் முதல் உணவையும் நோயாளி எங்கள் முன்னால்தான் சாப்பிட வேண்டும். மேடம் எதிரே உட்கார்ந்து, அதே அளவுக் கிண்ணத்தில் அதே உணவைத் தானும் சாப்பிடுவார். உப்பில்லாத பருப்பு மசியல் என்றால் அவருக்கும் உப்பில்லாத பருப்பு மசியல்தான். நான் சேர்ந்த புதிதில் நோயாளியின் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பேன். மென்றாரா, எவ்வளவு நேரம் மென்றார் என்று. "வாயைப் பார்க்காதே, கையைப் பாரு" என்றார் மேடம்.

அதன் பிறகுதான் கவனித்தேன். எங்கள் கைப்புத்தகத்தில் 'ஒவ்வொரு வாய்க்கும் இடையே கரண்டியைக் கீழே வைக்கவும்' என்று இருந்தது. எங்களிடம் வருகிறவர்கள் யாரும் வீட்டில் கரண்டியால் சாப்பிடுவதில்லை. வாய் மென்றுகொண்டிருக்கும்போதே கை அடுத்த வாய்க்குப் பிசைந்து, உருட்டி, தயாராக வைத்துக்கொண்டிருக்கும். கையில் உருண்டை காத்திருந்தால் வாய் அவசரப்பட்டு விழுங்கிவிடும். மேடம் அந்த விதியை அழித்துவிட்டு வேறு எழுதினார். ஒரு வாய் என்பது ஒரு கொண்டைக்கடலை அளவு. அதை வாயில் போட்டதும் கையை வெறுமையாகத் தட்டின் ஓரத்தில் வைக்க வேண்டும். வாயில் இருப்பது முழுக்கக் கூழாகி இறங்கிய பிறகுதான் கை நகரலாம். "வாய் வேலை செய்யறப்போ கை லீவுல இருக்கணும்" என்பார்.

மஞ்சுளா முதன்முதலில் மென்மையான உணவுக்கு வந்த அன்று, வேகவைத்த முட்டையின் முன்னால் இதைச் சொன்னபோது அவர் சிரித்துவிட்டார்.

"இன்னா மேடம், எச்சக்கை காய உக்காந்தா கல்யாணம் ஆவாதுன்னு எங்கூர்ல திட்டுவாங்களே."

"உங்களுக்குத்தான் ஆயிடுச்சே" என்றார் மேடம்.

"ஆயிடுச்சி. அப்பவே காய வெச்சிருந்தா தப்பிச்சிருப்பேன்" என்று பக்கத்தில் நின்ற கணவர் கோபாலைப் பார்த்தார் மஞ்சுளா. கோபால் நெல் அறுவடை இயந்திரம் ஓட்டுபவர். "என்னைப் பாக்காத, முட்டையப் பாரு" என்றார் அவர்.

மஞ்சுளாவுக்கு அப்போது முப்பத்தாறு வயது. மாகறலில் சொந்த நிலம் உள்ள குடும்பம். சர்க்கரை, முழங்கால் வலி, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவது என்று மூன்று தொல்லைகள். அதற்காகத்தான் அறுவை சிகிச்சை. நான் பார்த்த நோயாளிகளிலேயே ஒழுங்கானவர் அவர். பசி இல்லாவிட்டாலும் நேரத்துக்குச் சாப்பிடுவார். சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்கக் கூடாது என்றால், சொம்பையே கண்ணில் படாத இடத்தில் கொண்டுபோய் வைப்பார். ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் எங்கள் பேச்சைக் கேட்கவில்லை. ஊரில் யாருக்கும் உண்மையைச் சொல்லவில்லை. பித்தப்பையில் கல், எடுத்துவிட்டார்கள் என்று சொல்லிவைத்திருந்தார்.

"உடம்பக் கொறைக்க ஆபரேஷன்னு சொன்னா, துன்னு துன்னு பெருத்துட்டு அதுக்கு ஒரு ஆபரேஷனான்னு சிரிப்பாங்க மேடம். சின்ன வயசுலேர்ந்து கேட்ட சிரிப்புதான். திரும்பக் கேக்க முடியாது" என்றார். மேடம் வற்புறுத்தவில்லை.

அடுத்த வாரமே பத்திரிகையோடு வந்தார். தம்பி சதீஷுக்குக் கல்யாணம். பெண் கூரத்தைச் சேர்ந்தவள். அம்மா இறந்த பிறகு தம்பியை வளர்த்தவர் மஞ்சுளாதான். தாலியின் மூன்றாவது முடிச்சை அவர்தான் போட வேண்டும்.

"தேதியைத் தள்ளியிருக்க முடியாதா?" என்றார் மேடம்.

"முகூர்த்தத்தையா மேடம்?"

"ஆபரேஷனை."

"அப்போ பொண்ணே பாக்கல மேடம். திடீர்னு அமைஞ்சிடுச்சி."

முடிச்சு போடுவதில் சிக்கல் இல்லை. சிக்கல் அதற்குப் பிறகு வரும் சம்பந்தி பந்தி. இரு வீட்டாரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அங்கே மாப்பிள்ளையின் அக்கா சாப்பிடாமல் இருக்க முடியாது, பாதி இலையில் எழவும் முடியாது. எழுந்தால் கோபம் என்று அர்த்தம். போதாக்குறைக்கு, நிச்சயதார்த்தத்தில் பெண் வீட்டார் போட்ட சாம்பாரில் உப்பு கூடிவிட, மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் இரண்டு பேர் சோற்றை இலையிலேயே விட்டுவிட்டு எழுந்திருக்கிறார்கள். அது பெரிய பேச்சாகி, ஆள் விட்டுச் சமாதானம் செய்து, இப்போதுதான் அடங்கியிருந்தது.

"என் இலையில சோறு மிஞ்சிச்சின்னா அந்தப் பேஜாரு திரும்பக் கெளம்பும் மேடம். நாளைக்கு அந்தப் பொண்ணு எங்க வூட்டுக்கு வாழ வரணும். எல்லாரும் துன்ற மாதிரி நானும் துன்னுட்டா இன்னா ஆவும்?"

மேடம் சுற்றி வளைக்கவில்லை. "முதல்ல மூக்குல தண்ணி வரும். விக்கல் வரும். நெஞ்சுக்குக் கீழ கல்லு வெச்ச மாதிரி அழுத்தும். அதுக்கும் மேல தள்ளினா நுரை நுரையா வாந்தி. தையல் போட்ட வயிறு அது. வாந்தி எடுத்து எடுத்துத் திரும்ப நீங்க அட்மிட் ஆக வேண்டியிருக்கும். மண்டபத்துலேர்ந்து நேரா இங்கதான்."

மஞ்சுளா பத்திரிகையை மடித்துப் பையில் வைத்தார். "அப்போ எப்படித் துன்றதுன்னு சொல்லிக் குடுங்க. போவாம இருக்கறது எப்படின்னு சொல்லாதீங்க."

மேடம் என்னைப் பார்த்தார். மறுநாள் எங்கள் உணவுக் கூடத்தில் வாழையிலை போட்டோம்.

இப்படி ஒரு ஒத்திகையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை, பிறகும் பார்க்கவில்லை. கல்யாணச் சாப்பாட்டில் வரும் எல்லாவற்றையும் கேன்டீனில் சொல்லி வரவழைத்தோம். மேடம் பரிமாறுகிறவர். கையில் வாளி, கரண்டி. நான் சம்பந்தியம்மா. கோபால் பக்கத்து இலைக்காரர். அவர் மட்டும் நிஜமாகவே சாப்பிட்டார்.

ஒவ்வொன்றாகப் பிரித்தோம். பருப்பு முதலில், நெய் ஒரு சொட்டு. பூசணிக் கூட்டு சாப்பிடலாம். தயிர் சாப்பிடலாம். நார் உள்ள பொரியல் வேண்டாம். வடையை உடைத்து அப்பளத்துக்கு அடியில் தள்ளிவிடலாம். பாயசம் உதட்டில் பட்டால் போதும், உள்ளே போனால் படபடத்து வியர்க்கும். சோற்றைக் குவியலாக விடாமல் பரப்பி, நடுவே கிளறிவிட்டால் சாப்பிட்ட இலை போலவே தெரியும். மேடம் திடீரென்று "சாம்பார், சாம்பார்" என்று கத்திக்கொண்டே ஒரு கரண்டி ஊற்றிவிட்டுப் போவார். மஞ்சுளா கையைக் குறுக்கே நீட்டித் தடுக்கப் பழக வேண்டும். நான் "இன்னும் கொஞ்சம் போட்டுக்கம்மா" என்று வற்புறுத்த வேண்டும்.

"சம்பந்தியம்மா இவ்ளோ மரியாதையா கேக்கமாட்டாங்க மேடம். இன்னா, புடிக்கலயான்னு கேப்பாங்க" என்று என்னைத் திருத்தினார் மஞ்சுளா.

எல்லாம் சரியாக வந்தது, வேகம் ஒன்றைத் தவிர. ஒரு பந்தி முடிகிற நேரத்தில் மஞ்சுளா பாதி தூரம்கூட வரமாட்டார். வரிசை முடித்துவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருக்கும். அதற்கு நான் ஒரு வழி சொன்னேன். குடும்பத்தில் பல் இல்லாத பெரியவர் யாராவது இருந்தால் அவர் பக்கத்தில் உட்காரலாம். வரிசை அவருக்காகக் காத்திருக்கும், அந்த நேரத்தில் இவரும் முடித்துவிடலாம்.

"எங்க பெரிய மாமா கீறாரு!" என்று மஞ்சுளா கைதட்டினார். "ஒரு தோசைய ஒரு மணி நேரம் துன்னுவாரு."

"சரி" என்றார் மேடம். எனக்குக் கிடைத்த 'சரி'களில் அது பெரியது.

கல்யாணம் உத்திரமேரூரில், எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் இருந்த மண்டபத்தில். "நீ போய்ட்டு வா. பேச வேண்டாம், பாரு" என்று மேடம் அனுப்பினார். மஞ்சுளாவின் தோழி என்ற பெயரில் போனேன். பட்டுப்புடவையில், பழைய ரவிக்கையை இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்து, மூன்றாவது முடிச்சை மஞ்சுளா இறுக்கமாகப் போட்டார்.

பந்திக்குக் கூப்பிட்டார்கள். பெரிய மாமாவைக் காணோம். கோபால் ஓடிப்போய் விசாரித்துவிட்டு வந்து என் காதில் சொன்னார்: "சக்கரை மாத்திரை போடணும்னு அவர முன்னாடியே துன்னவெச்சி படுக்க வெச்சிட்டாங்க மேடம்."

அதற்குள் மஞ்சுளாவைக் கைப்பிடித்து அழைத்துப்போய்ப் பெண்ணின் அம்மா தனலட்சுமிக்குப் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டார்கள். அந்தப் பக்கம் பெண்ணின் பெரியம்மா. எனக்கு எதிர் வரிசையில் இடம் கிடைத்தது. நாற்காலிகளுக்குப் பின்னால் அடுத்த பந்திக்காரர்கள் இப்போதே வந்து நின்றுவிட்டார்கள்.

பருப்பு வரைக்கும் ஒத்திகை போலவே போனது. ஒரு கொண்டைக்கடலை அளவு எடுப்பார், வாயில் போடுவார், கையை இலையோரத்தில் வைப்பார். பிறகு சாம்பார்க்காரர் வந்தார். மஞ்சுளா கையை நீட்டுவதற்குள் பெரியம்மா, "நல்லா ஊத்துப்பா, மாப்ள அக்கா" என்றார். சோறு முழுக்க நனைந்தது. தனலட்சுமியின் கண் மஞ்சுளாவின் இலையிலேயே இருந்தது. வரிசையில் மற்றவர்கள் ரசத்துக்குப் போய்விட்டார்கள். மஞ்சுளா ஒருமுறை இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு சோற்றைப் பிசைந்து, பெரிய உருண்டையாக ஒன்று, அதை மெல்லும்போதே இன்னொன்று என்று சாப்பிட்டார். கை ஓய்வு எடுக்கவே இல்லை.

மூன்றாவது வாய்க்கு மூக்கில் நீர் வந்தது. புடவைத் தலைப்பால் துடைத்தார். ஒரு விக்கல். பேசக் கூடாது என்று மேடம் சொல்லியிருந்தார். நான் சாப்பிடுவதை நிறுத்தி, வலது கையை வெறுமையாக என் இலையோரத்தில் வைத்தேன். மஞ்சுளா நிமிர்ந்தபோது அதைப் பார்த்தார். அவர் கையில் அடுத்த உருண்டை இருந்தது. அதை இலையில் வைத்துவிட்டுக் கையை ஓரத்துக்குக் கொண்டுவந்தார்.

பெரியம்மா விடவில்லை. வரிசை முழுக்கக் கேட்கும்படி, "இன்னாம்மா, நாத்தனாருக்கு இன்னிக்கும் சாம்பாரு உப்பா கீதா?" என்றார்.

மாப்பிள்ளை வீட்டுக்காரர் ஒருவர் எழப்போகிறவர் போலக் கையை உதறினார். பழைய சண்டை அந்த இலைகளுக்கு நடுவே வந்து உட்கார்ந்துவிட்டது எனக்கே தெரிந்தது. இன்னும் இரண்டு வாய் அள்ளிப் போட்டுச் சிரித்தால் அது எழுந்து போய்விடும். மஞ்சுளா அதைத்தான் செய்யப்போகிறார் என்று நினைத்தேன்.

அவர் தனலட்சுமியின் பக்கம் திரும்பினார்.

"உப்பெல்லாம் இல்ல அத்த. நல்லாத்தான் கீது. எனக்குப் பித்தப்பையில கல்லுன்னு சொன்னது பொய்யி. உடம்பக் கொறைக்க ஆபரேஷன் பண்ணிக்கினு கீறேன். வயித்த வெட்டி இத்துணூண்டு ஆக்கிட்டாங்க. மெதுவாத்தான் துன்ன முடியும், சோறு எறங்காது. நீங்கல்லாம் எழுந்திருங்க. நான் கோச்சிக்கினேன்னு மட்டும் நெனைக்காதீங்க."

பின்னால் நின்றவர்களில் யாரோ, "இதுக்கெல்லாமா ஆபரேஷனு" என்று சிரித்தார். மஞ்சுளா திரும்பவில்லை. எந்தச் சிரிப்புக்குப் பயந்து இத்தனை வாரம் பொய் சொன்னாரோ, அது காதில் விழுந்தும் கையை இலையோரத்திலிருந்து எடுக்கவில்லை. நான் அவரை மிகவும் வியந்த நேரம் அது.

தனலட்சுமி அவர் பக்கம் நன்றாகத் திரும்பி உட்கார்ந்தார். "ஏம்மா, இத்த முன்னாடியே சொல்லக் கூடாதா? நீ வந்து உக்காந்ததுலேர்ந்து உன் இலையத்தான் பாத்துக்கினு கீறேன். திரும்பக் கோச்சிக்கினியோ, எம்பொண்ண எப்படி வெச்சிக்குவியோன்னு எனக்கு ஒரு வாய் எறங்கல" என்றார். பிறகு குரலை உயர்த்தினார். "யாரும் இலைய மூடாதீங்க. மஞ்சுளா முடிக்கட்டும்." மஞ்சுளாவிடம் குனிந்து, "இன்னா துன்னலாம் நீ?"

"பருப்பு அத்த. அப்பறம் தயிரு. இப்போ ஒண்ணும் வேணாம், கொஞ்சம் அழுத்துது. அடங்கட்டும்."

"அடங்கட்டும். எங்களுக்கு இன்னா அவசரம்? டேய், வெறும் பருப்பு கொண்டா!"

"எங்களுக்குப் பசிக்காதா?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"பசிச்சா பின்னாடி போயி போண்டா துன்னுக்கினு வா."

விக்கல் நின்றது. மஞ்சுளா நெஞ்சுக்குக் கீழே தொட்டுப் பார்த்துக்கொண்டார். பருப்பு வந்தது. ஒரு துளி எடுத்தார், மென்றார், கையை வைத்தார். மறுபடி ஒரு துளி. வரிசையில் யாரும் எழவில்லை. தாம்பூலப் பைகளோடு வந்தவர்கள் திரும்பிப் போனார்கள். தனலட்சுமியின் கையில் ஒட்டியிருந்த சோறு காய்ந்து வெள்ளையாகத் தெரிந்தது. கடைசியாகத் தயிர். பிறகு மஞ்சுளா இலையைத் தன் பக்கமாக மடித்தார். அதைப் பார்த்த பிறகுதான் தனலட்சுமி தன் இலையை மடித்தார்.

கை கழுவும் இடத்தில் பெரியம்மா என்னிடம் வந்து, அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, "எனக்கும் முட்டி ரொம்ப வலிக்குதும்மா. அந்த ஆபரேஷன் எங்க பண்றாங்க?" என்று கேட்டார்.

திங்கட்கிழமை மேடத்திடம் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். மாமா தூங்கிப்போனது, சாம்பார், மூன்று வாய், மூக்கில் நீர், மஞ்சுளா உண்மையைச் சொன்னது. அவர் பேனாவால் குறித்துக்கொண்டே கேட்டார்.

"அப்புறம் கை எங்க இருந்துச்சு?"

"இலையோரத்துல மேடம். காயற வரைக்கும்."

"மஞ்சுளா கையா?"

"எல்லார் கையும் மேடம்."

மேடம் பேனாவைக் கீழே வைத்தார். எழுதிக்கொண்டிருந்த கை மேசையின் ஓரத்தில் வெறுமையாகக் கொஞ்ச நேரம் இருந்தது.